பலகை அங்கே, பேரிங் இங்கே

நாங்கள் கார் செய்கிறோம் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் யார்தான் கார் செய்யவில்லை? எங்கள் அப்பா செய்கிறார். எதிர்வீட்டு அண்ணன் செய்கிறார். நாங்கள் செய்தால் மட்டும் அதற்குத் தள்ளுவண்டி என்று பெயர்.

எங்கள் காரில் இருப்பது ஒரு பலகை, நான்கு பேரிங் சக்கரங்கள், இழுக்க ஒரு கயிறு. அவ்வளவுதான்.

பலகை டில்லிபாபுவுடையது. கம்பெனிகளில் கழித்துப்போடும் மரப்பெட்டிகளை வாங்கி விற்பது அவன் அப்பாவின் தொழில். கடல் தாண்டி வந்த பெட்டியின் பலகை அது. அதன் முனையில் ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம் இருக்கும். 'உடையும் பொருள், மெதுவாக இறக்கவும்' என்று அர்த்தமாம்.

பேரிங்குகள் இசக்கிதுரையுடையவை. அவன் வீட்டார் போன வருடம்தான் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து, எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். மெக்கானிக் கடையில் வேலை செய்யும் அவன் சித்தப்பா பழைய பேரிங்குகளைக் கட்டையில் மாட்டிக் கொடுத்தார்.

கார்முகிலாகிய நான்தான் எஞ்சினியர். அதாவது, எதுவும் கொண்டுவராதவள். கையில் அப்பாவின் பழைய ஸ்பேனர் மட்டும் உண்டு.

பயணி என் தம்பி அறிவுமதி. தண்ணீர்த் தொட்டிப் படியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறான். போகிற வருகிற கம்பெனி பஸ்ஸுக்கெல்லாம் டாட்டா காட்டுவதுதான் அவன் வேலை.

"ஆயுத பூஜை அன்னிக்கு நீயும் கார்ல போவ. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சு, தெருமுனை வரிக்கும் கூட்டிட்டுப் போவேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அன்றே அவன் அம்மாவிடம் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கார் முடிந்துவிட்டது. பெயர் எழுதுவதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை.

"ஒரகடம் எக்ஸ்பிரஸ்னு எழுது" என்றான் டில்லிபாபு.

"நெல்லை எக்ஸ்பிரஸ்னு எழுதுட்டி. ஓடப் போறது எங்க பேரிங்லல்லா?" என்றான் இசக்கிதுரை.

"குந்தப் போறது எங்க பலகைல!"

நான் சமாதானம் செய்யப் போனேன். நான் சமாதானம் செய்தால் சின்னச் சண்டை பெரிய சண்டையாகும். அப்படி ஒரு கைராசி எனக்கு.

"பேரைப் பலகை மேலதானே எழுதணும்? அப்போ பலகைக்காரன் சொல்றதுதான் சரி" என்று தீர்ப்பு சொன்னேன்.

இசக்கிதுரை போல்ட்டுகளைக் கழற்றினான். நான்கு பேரிங்குகளையும் தூக்கிக்கொண்டான். "ஒங்க ரெண்டு பேரோடயும் காய்!" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

"போடா! சக்கரம் நாங்களே செஞ்சிப்போம்!" என்று கத்தினான் டில்லிபாபு.

செய்தோம். தேங்காய் மூடியில் செய்தோம், விரிசல் விட்டது. ஊறுகாய் டப்பா மூடிகளில் செய்தோம். டில்லிபாபு ஏறி உட்கார்ந்ததும் அவை அப்பளமாகிவிட்டன. ஊறுகாயில் எறும்பு எப்படி வந்தது என்று அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் இசக்கிதுரை தன் பேரிங்குகளின் மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டினான். ஏறி உட்கார்ந்தான். பெட்டி அவனை அப்படியே மடித்து மூடிக்கொண்டது. நாங்கள் சிரித்தோம். எங்கள் மூடிகளைப் பார்த்து அவன் சிரித்தான். ஏற்றுமதியும் இறக்குமதியும் சிரிப்பில் மட்டும் நடந்தன.

"அக்கா, என் கார் எப்போ வரும்?" என்று கேட்டான் தம்பி.

"வேலை நடக்குதுடா" என்றேன். பெரிய கம்பெனிகளிலும் இப்படித்தான் சொல்வார்களாம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அப்பா பாதி ஷிஃப்டிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா இவ்ளோ சீக்கிரம்?" என்றார் அம்மா.

"லைன் நின்னு பூட்ச்சு. கட்டைவிரல் நகம் சைஸுக்கு ஒரு கிளிப்பு. வெளிநாட்லேர்ந்து கப்பல்ல வரணும், வரல. அது இல்லாம ஒரு வண்டியும் நகராது."

எனக்குக் கோபம் வந்தது. "அந்த நாட்டோட காய் விட்டுடுங்கப்பா!"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "வுட்டா கிளிப்புக்கு எங்க போறது? அவனும் காய் விட மாட்டான். அவன் வண்டிக்கு ஒயரு நம்மாண்டேர்ந்துதான் போவுது. அது போவலன்னா அவன் லைனும் நின்னுடும்."

"அப்போ சண்டையே வராதா?"

"ஏன் வராது? போன்ல நல்லாக் கத்துவாங்க. கத்தி முடிச்சிட்டு, கப்பல் எப்போ வருதுன்னு கேப்பாங்க."

நான் எழுந்து டில்லிபாபு வீட்டுக்கு ஓடினேன். பலகையின் ஒரு முனையை அவன் பிடிக்க, இன்னொரு முனையை நான் பிடித்தேன். போவது இசக்கிதுரை வீட்டுக்கு என்று தெரிந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"லூசா நீ? குடுத்தா திருப்பித் தர மாட்டான்!"

"தர வேணாம். அவன் வூட்லயே இருக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

இசக்கிதுரை வாசலில் சாய்த்த பலகையைச் சந்தேகமாகப் பார்த்தான். "என்னட்டி இது? எதுக்கு எங்கிட்ட தார?"

"இது உங்க வூட்ல இருக்கட்டும். உன் பேரிங் டில்லி வூட்ல இருக்கட்டும். நாளைக்கு யாருக்குக் கோவம் வந்தாலும், தன்னோடதைத் தூக்கிட்டுப் போக முடியாது."

அவன் யோசித்தான். "அப்போ எனக்குக் கோவம் வந்தா என்ன செய்ய?"

"கத்து. கத்திட்டு, பேரிங் எப்போ வரும்னு கேளு."

"பேரு?"

"பேரே வேணாம். அதான் படம் கீதே" என்று கோப்பையைக் காட்டினேன்.

உள்ளே போனவன் பேரிங்குகளோடு வந்தான். டில்லிபாபு கையில் கொடுக்கும்போது, "எண்ணெய் போட்டு வைலே" என்றான்.

மறுநாள் காலை, தெருவில் எல்லா வண்டிகளும் சந்தனமும் மாலையுமாக நின்றன. தம்பி புதுச்சட்டை போட்டு, எலுமிச்சம்பழத்தோடு வாசலில் காத்திருந்தான். காரை இன்னும் பூட்டக்கூட இல்லை; அதற்குள் கயிற்றை யார் முதலில் இழுப்பது என்று எங்கள் கம்பெனியில் மறுபடி சண்டை.

"நான்தான்!"

"நான்தாம்லே!"

"அப்படின்னா என் பலகையைக் குடுடா!"

"நீ என் பேரிங்கைக் குடுலே!"

ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள்.

"இந்தா ஒன் பலகை!" என்று கீழே வைத்தான் இசக்கிதுரை.

"இந்தா உன் பேரிங்!" என்று பக்கத்தில் வைத்தான் டில்லிபாபு.

பலகையும் பேரிங்கும் ஒரே இடத்தில் கிடந்தன. இந்த முறை நான் சமாதானம் செய்யப் போகவில்லை. என் கைராசிதான் தெரியுமே! உட்கார்ந்து போல்ட்டுகளை முறுக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இசக்கிதுரை பலகையைப் பிடித்துக்கொண்டான். டில்லிபாபு கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"பழமா?" என்றான் ஒருவன்.

"பழம்தான். ஆளுக்குப் பாதித் தெரு" என்றான் மற்றவன்.

தம்பியைத் தூக்கி உட்கார வைத்தோம். அவன் மாவுக்கட்டுக் கால், கோப்பைப் படத்தின் மேல் போய் அமர்ந்தது. "சரியான எடத்துலதான் ஒட்டியிருக்காங்க" என்று சிரித்தார் அப்பா.

எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தோம். ஆனால் அது தலையணைக்கு அடியில் காய்ந்து கல்லாகியிருந்தது. கார் அதன் மேல் ஏறி, ஒரு குதி குதித்து, கடகடவென்று கிளம்பியது. தெருமுனையில் நின்ற கம்பெனி பஸ்ஸுக்குத் தம்பி பக்கத்திலிருந்தே டாட்டா காட்டினான். டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் காரைப் பிரித்தோம். பலகை இசக்கிதுரை வீட்டுக்குப் போனது. பேரிங்குகள் டில்லிபாபு வீட்டுக்குப் போயின. எஞ்சினியர் வீட்டுக்கு வந்தது பயணி மட்டும்தான். நசுங்காத எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி, அவன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.