வட்டமாக ஒரு முத்திரை

லூர்துராஜின் நுரையீரலுக்கு இன்றோடு தேதி முடிகிறது என்று வீட்டுச் சுவர் காலையிலேயே சொல்லிவிட்டது. செவ்வாயில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. அங்கே குடியேறிய எவருக்கும் சொந்த நுரையீரல் கிடையாது. செம்புழுதி அதைச் சில வருடங்களில் தின்றுவிடும். எல்லாருக்கும் அச்சிட்ட நுரையீரல்தான். தேதி முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாக மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மாட்டாவிட்டால், மாலை விளக்கு எரியும் நேரத்தில் பழையது தானாக நின்றுவிடும். அதுவும் பாதுகாப்புக்காகத்தானாம்!

லூர்துராஜும் அவன் மனைவி சகாயராணியும் போன மாதம்தான் மூன்றாம் குமிழியிலிருந்து ஏழாம் குமிழிக்குக் குடிமாறியிருந்தார்கள். குமிழி என்றால் கண்ணாடிக் கூரை போட்ட ஊர். அவனுடைய உடல் அளவுகள் பழைய குமிழி ஆஸ்பத்திரியின் தகவல் பெட்டகத்திலேயே தங்கிவிட்டன. அவை இல்லாமல் நுரையீரலை அச்சிட முடியாது. குடியிருக்கும் குமிழியில்தான் மாட்டுவார்கள், புதிதாக அளக்கவோ ஒரு வாரம் ஆகும். எப்போதோ எவனோ தகவலைத் திருடினான் என்பதற்காக, பெட்டகங்களுக்கு இடையே இருந்த இணைப்புகளை எல்லாம் வெட்டிப்போட்டிருந்தார்கள் அந்தப் புத்திசாலிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே ஒரு பதிவைப் படியெடுக்க வேண்டுமானாலும் இரண்டு பெட்டகங்களின் கடவுச்சொல்லும் வேண்டும்.

சகாயராணி மூன்றாம் குமிழி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்தது ஒரு மேசையாள். அலுவலக வேலைக்கென்றே செய்த இயந்திரம் அது. இடுப்புக்குக் கீழே மேசை. லூர்துராஜின் பதிவை உடனே திரையில் காட்டிவிட்டது.

"பார்க்கலாம்மா. படியெடுக்கணும்னா கடவுச்சொல் வேணும்."

"போடு. யாரு வேண்டாம்னா?"

"பாதுகாப்புக்காக அதை ஏழாம் குமிழிப் பெட்டகத்துக்குள்ள வச்சிருக்கோம்."

"அப்போ ஏழாம் குமிழியோடது?"

"அது எங்க பெட்டகத்துக்குள்ள பத்திரமா இருக்கு. கடவுச்சொல் இருந்தா எடுத்துடலாம்."

சகாயராணிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, வெளங்காதவனே! வீட்டுல என் வீட்டுக்காரருக்கு மூச்சு நிக்கப்போவுது. நீ பத்திரம்னு கதை சொல்லிட்டு இருக்க!"

மேசையாள் 'சாப்பாட்டு நேரம்' என்று எழுதிய பலகையை எடுத்துத் தன் முன்னால் வைத்துவிட்டுக் கண் விளக்குகளை அணைத்துக்கொண்டது.

"நீ எதைலே திங்கப்போற? உனக்கு வாயே கெடையாதே!"

வாய் கிடையாதுதான். ஆனால் பூமியில் இருந்த அலுவலகங்களின் இருநூறு வருடத்துப் பழக்கங்களை ஊட்டித்தான் மேசையாட்களைப் பழக்கியிருந்தார்கள். ஒரு பழக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதனால்தான், சாப்பிடப் போன மேசையாள் திரையை மூட மறந்திருந்தது. லூர்துராஜின் அளவுகள் அத்தனையும் ஊருக்கே தெரியும்படி திறந்து கிடந்தன. சகாயராணி பல்லைக் கடித்துக்கொண்டு, பையில் இருந்த மாவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டாள்.

ஏழாம் குமிழியின் மேசையாள் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை.

"கையால எழுதினது செல்லாதும்மா."

"அளவு அம்புட்டும் சரியா இருக்கு. நல்லாப் பாரு."

"அளவு இருக்கட்டும். முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"எங்க குமிழி பேரு போட்டு வட்டமா இருக்கணும். ஊதா நிறத்துல."

வீட்டில் லூர்துராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு கறுக்கத் தொடங்கியிருந்தது. "விடு ராணி... அலையாத..." என்றான்.

"பேசாம மூச்சை மட்டும் விடுங்க!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்தது. சமையல் அச்சுப்பொறியில் கெட்டி மாவை வட்டமாக வார்த்தாள். 'ஏழாம் குமிழி' என்று எழுத்தும் வைத்தாள். பீட்ரூட் சாற்றில் தோய்த்துத் தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு மறுபடியும் ஓடினாள். தெருவிளக்குகள் மினுக்கத் தொடங்கியிருந்தன.

மேசையாள் முத்திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. "செல்லாதும்மா. எழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு. அசல் முத்திரை இப்படி இருக்காது."

சகாயராணி கட்டை விரலில் எச்சிலைத் தொட்டு, அன்று முழுக்கச் சேர்ந்த கோபத்தையெல்லாம் கூட்டி, முத்திரையை ஒரே இழுப்பாக இழுத்துத் தேய்த்தாள்.

"இப்போ சரி," என்ற மேசையாள், தாளிலிருந்த அளவுகளை அப்படியே பெட்டகத்தில் ஏற்றிவிட்டது.

"சரியா தப்பான்னு ஒண்ணையும் நீ பாக்கவே இல்லையே?"

"முத்திரை இருக்கும்போது எதுக்கும்மா பார்க்கணும்?"

விளக்கு முழுதாக எரிவதற்குள் லூர்துராஜை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து புது நுரையீரல் மாட்டியாயிற்று.

குடிமாறி வந்தவர்கள் அந்தக் குமிழியில் இவர்கள் மட்டுமா? விஷயம் பரவியது. முதலில் வந்தவர்களுக்குச் சகாயராணி ஆஸ்பத்திரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தாள். கூட்டம் சேர்ந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டாள். பிறகு வரிசையில் வரச் சொன்னாள். கண்டவனும் எடுத்துவிடக் கூடாது என்று முத்திரையை ஒரு பெட்டிக்குள் வைத்தாள். பெட்டிக்குக் கடவுச்சொல்லும் போட்டாள்.

ஒரு நாள் மதியம் சிலுவைமுத்து என்பவன் மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் அவன் மனைவியின் அளவுகள் எழுதிய தாள்.

"யக்கா, அவளுக்கு இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது. ஒரே ஒரு குத்து போதும்க்கா."

சகாயராணி தாளைத் தொடவில்லை. "சாப்பாட்டு நேரம். அப்புறம் வாங்க."

"ஏ ராணி, பாவம்ல அவன்," என்று உள்ளேயிருந்து கணீரென்று கேட்டது லூர்துராஜின் குரல். புது நுரையீரல் நன்றாக வேலை செய்தது. "குத்தி அனுப்பேன்."

"நீங்க சும்மா இருங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

சிலுவைமுத்து வாசலில் நின்று கத்தத் தொடங்கினான். சகாயராணி கதவைச் சாத்திவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். மேசையாளுக்கு வாய் கிடையாது. அவளுக்கு இருந்தது. நிதானமாக மென்று சாப்பிட்டாள்.