பூட்டிய வீட்டில் யாரோ மூச்சு விடுகிறார்கள்

கோட்டக்குப்பத்தில் முஸ்கானின் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஜகபர் சாதிக் மாமா குடும்பத்தோடு துபாயில் இருந்தார். உள்ளே ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்க வேண்டாமா? அதற்காக, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் முஸ்கான் போய் விளக்குப் போடுவாள். சாவி அவளிடம்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு!

அன்று கொல்லை விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை.

'ஹ்ஸ்ஸ்ஸ்…'

யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு தரைக்கு அடியில் பிறாண்டும் சத்தம். கர்ர்… கர்ர்…

"அக்கா, ஜின்னு!" தம்பி யாஹ்யா அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டான். "வா, ஓடிடலாம்!"

முஸ்கானுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் சத்தம் வந்தது தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து. மாமா நாளை வருகிறார். விடிந்ததும் அம்மா மோட்டார் போட்டு அதை நிரப்பிவிடுவார்.

"போன வாரம் கழுவினப்ப, காயட்டும்னு மூடியத் தொறந்து வெச்சேன். மூட மறந்துட்டேன்டா."

"அரணை மறதிக்கா உனக்கு!"

டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாள். இரண்டு கண்கள் மின்னின. பிளந்த நாக்கு ஒன்று நீண்டு, உள்ளே போனது.

"பாம்பு!"

"பாம்புக்குக் கால் இருக்குமாடா? உடும்பு!"

'நம்ம நாட்டுல ஊர்வன ஐநூறு வகைக்கு மேல. உங்க ஊர்ல எத்தினின்னு பாத்து எழுதுங்க' என்று டீச்சர் சொல்லியிருந்தார். பல்லி, ஓணான், அரணை, பச்சோந்தி, சாரைப்பாம்பு, கடற்கரை ஆமை. முஸ்கானின் நோட்டு ஆறோடு நின்றிருந்தது. ஏழாவது, வழுக்கும் டைல்ஸ் சுவரில் ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஐயோ பாவம்! எல்லாம் அவள் மறதியால்.

"யாரையாச்சும் கூப்பிடலாம்க்கா."

"கூப்பிட்டா கம்பு எடுத்துக்கினு வருவாங்க. அந்தப் பலகையை ஜல்தி புடி!"

நகம் பிடிப்பதற்காகப் பலகையில் கோணியைச் சுற்றிக் கட்டினாள். அதைத் தொட்டிக்குள் சாய்த்துவிட்டு, இருவரும் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றார்கள்.

"வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கினா மாதிரி இருக்கு" என்று முனகினான் யாஹ்யா.

சத்தம் நின்றது. தென்னை ஓலைகூட அசையவில்லை. பிறகு மூச்சு மேலே வந்தது. மெதுவாக, இன்னும் மேலே… கறுத்த தலை ஒன்று தொட்டியைவிட்டு எழுந்தது. கனத்த வாலைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு கல்லுக்குக் கீழேயே வந்து நின்றது. நாக்கை நீட்டியது. யாஹ்யா கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது வேலிப் புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முஸ்கான் முதல் வேலையாகத் தொட்டியை மூடினாள்.

மறுநாள் மாமா பெட்டிகளோடு வந்து இறங்கினார். "நாங்க இல்லாதப்ப யாராச்சும் உள்ள வந்தாங்களாம்மா?"

"ஒருத்தரு வந்தாரு மாமா" என்றாள் முஸ்கான், நோட்டில் ஏழு என்று எழுதிக்கொண்டே. "ஏறிப் போக ஒரு பலகை கேட்டாரு. குடுத்தேன்."