நான்காவது சம்மட்டி

சோலோ ஊர் எல்லையில் இருந்த அந்தப் பட்டறைக்கு வார்சினி போனபோது வெளியே பட்டப்பகல். உள்ளே கும்மிருட்டு. வெண்கலம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று இருட்டில் தெரியும் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும், அதனால் காங் அடித்துச் செய்யும் இடத்துக்கு ஜன்னலே வைப்பதில்லை. கேமலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவின் வாசிப்பில் ஒவ்வொரு சுற்றையும் முடித்துவைக்கும் அந்தப் பெரிய வெண்கலத் தட்டு இப்படி இருட்டில்தான் உருவாகும்.

தேக்குக் கரிப் புகையும், வாசலில் படைத்த பூக்கள் அழுகும் வாடையும் மூக்கில் ஏறின.

போன மாதம் அவள் புருஷன் காசிரான் இங்கேதான் செத்தான். நெஞ்சு வலியில் உயிர் போன பிறகே உலைக்குள் சரிந்தான் என்று முதலாளி ஹார்ஜோ கூசாமல் சொல்லியிருந்தார். அவளும் நம்பித் தொலைத்தாள். நேற்று சம்மட்டிக்காரன் வகிமின் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே உண்மையைக் கொட்டிவிட்டான். கால் தவறி விழுந்த காசிரான் உயிரோடுதான் இருந்தானாம். கத்தினானாம். காங் பாதியில் இருந்தது. ஆறினால் விரிசல் விடும், நிறுத்தாமல் அடியுங்கள் என்றாராம் ஹார்ஜோ. அடித்து முடித்த பிறகுதான் அவனைத் தூக்கினார்களாம்.

தூ! இவனெல்லாம் ஒரு மனுஷன்!

உள்ளே வகிமினோடு சேர்த்து மூன்று பேர் புதுக் காங்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். நால்வர் மாற்றி மாற்றி அடிக்க வேண்டிய வேலை அது. டங், டங், டங். பிறகு ஒரு அடிக்கு மௌனம். காசிரானின் அடி விழ வேண்டிய இடம். வாயில் கிராம்பு சிகரெட்டோடு, உலைக்குழியின் விளிம்பில் நின்று, ஹார்ஜோ இடுக்கியால் தட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு எப்படிச் செத்தாருன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க முதலாளி. எனக்கு அது போதும்."

ஹார்ஜோ திரும்பக்கூட இல்லை. "அதான் அன்னைக்கே சொன்னேனே, நெஞ்சு வலின்னு. வேலை நடக்குது. ஒப்பாரிய வீட்டுல போய் வை."

வகிமின் தலை குனிந்தபடி அடித்தான்.

வார்சினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. காங் அடிக்கும்போது அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பழங்கதை இளவரசர்களின் பெயர்களைச் சூடிக்கொள்வார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் நெருப்புக்குள் இருப்பது விழித்துக்கொள்ளும் என்ற பயம். சோறு கொண்டுவந்தால் வாசலில் நின்று பெயர் சொல்லித் தொலைக்காதே என்று புருஷனே எத்தனையோ தடவை எச்சரித்திருக்கிறான்.

அவள் உலையைப் பார்த்து, நிதானமாக, "காசிரான்" என்றாள்.

டங், டங், டங்.

டங்.

ஆளே இல்லாத இடத்தில் தட்டு குழிந்தது.

கருகிய சதையின் வாடை எழுந்தது.

"யாரு அது?" ஹார்ஜோ இப்போதுதான் திரும்பினார்.

டங்.

இடுக்கி அவர் கையை விட்டு எகிறியது. பின்வாங்கிய கால் உலைக்குழியில் இறங்கியது. மேலே இழுக்கப் பார்த்தார். உள்ளே ஏதோ அதைப் பிடித்திருந்தது.

"நிறுத்துங்கடா. என்னைத் தூக்குங்கடா."

"கை நிக்க மாட்டேங்குது முதலாளி" என்று வகிமின் அழுதான்.

ஹார்ஜோ வார்சினியைப் பார்த்தார். "சொல்லிடறேன்மா. அவன் உயிரோடதான் இருந்தான். கத்தினான். நான்தான் அடிக்கச் சொன்னேன். அவனை விடச் சொல்லும்மா."

இதைக் கேட்கத்தான் வந்தாள். கேட்டாகிவிட்டது. ஆத்திரம் மட்டும் இம்மியும் தணியவில்லை.

"பாதியில நிறுத்துனா விரிசல் விடுமே முதலாளி" என்றாள். "முடிக்கட்டும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அலறல் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

வெண்கலம் ஆறிய பிறகுதான் மூவரின் கைகளும் விடுபட்டன. சம்மட்டிகளைப் போட்டுவிட்டு வெயிலுக்கு ஓடிவந்து, மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள்.

உள்ளே, மூன்று அடிக்கு இடம் விட்டு இடம் விட்டு, நான்காவது சம்மட்டி இன்னும் விழுந்துகொண்டிருந்தது.