உதடு சொன்ன சாட்சி

"நீங்கதான் தள்ளினீங்க..."

"நான் அப்ப படியிலயே இல்லைன்னு எத்தனை வாட்டிடி..."

"பொய். சாகப் போற பொண்ணு சொன்னா. என் காதால கேட்டேன்."

"கேட்டியா? நீ என்னிக்கு எதைக் காது குடுத்துக் கேட்டிருக்க?"

இன்ஸ்பெக்டர் பென்சிலால் மேஜையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

மூடினார்கள்.

நான்கு நாளாயிற்று. பத்தொன்பது வயது மகள் வெளி மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உயிரை விட்டாள். அன்று காலையில்தான் அவளுக்கும் அப்பனுக்கும் பெரிய சண்டை.

மறுநாளே அவன் கையில் விலங்கு. கை காட்டியவள், கட்டிய மனைவி.

"மறுபடி சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கண்ணாடிக்கு வெளியில நின்னேன் மேடம். 'யாருடி தள்ளினது'ன்னு கேட்டேன். கண்ணைத் திறந்து என்னையே பாத்து, 'அப்பா'ன்னா. ரெண்டு தடவை. அந்தக் குரல்... இன்னும் காதுலயே நிக்குது."

"உடனே?"

"ஓடி வந்து உங்ககிட்ட சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பக்கத்தில் சத்தம் வெளியே வராத கண்ணாடி அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். திரும்பி வந்தார்.

"என்ன சொன்னேன்?"

"அப்பா."

"காதுல கேட்டுச்சா?"

"லேசா... கேட்டுது."

"நான் சத்தமே போடலம்மா. உதட்டை மட்டும் அசைச்சேன். அதுவும் 'அம்மா'ன்னு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பதினெட்டு வருடமாக அவள் டப்பிங் கலைஞர். வேற்றுமொழிப் படங்களின் வாயசைவுக்குத் தமிழைப் பொருத்துகிறவள். அப்பாவும் அம்மாவும் உதட்டில் ஒன்றுதான் என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி. அதை வைத்தே எத்தனை வசனங்களை ஒப்பேற்றியிருக்கிறாள்...

"அந்தக் கண்ணாடியும் இப்படித்தான். நீங்க கேட்டது அவளுக்கும் கேக்கல, அவ சொன்னது உங்களுக்கும் கேக்கல. வாயைப் பாத்தீங்க. மனசுல ஏற்கெனவே புருஷன்தான்னு முடிவு. மிச்சத்தைக் காது தானா நிரப்பிக்கிச்சு."

"இல்ல மேடம்... அவ குரல்..."

"எதிர்க் கடை கேமரா பதிவு இன்னிக்குத்தான் கிடைச்சுது. அவ வழுக்கி விழறப்ப படியில ஈ காக்கா இல்ல."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... என்னையா கூப்பிட்டா?"

இன்ஸ்பெக்டர் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உள்ளே இருந்த நர்ஸைக் கேட்டேன். 'அம்மா... அம்மா'ன்னுதான் கூப்பிட்டாளாம். உங்களை உள்ளே விடலாம்னு கதவைத் திறந்திருக்காங்க. நீங்க இல்ல. அப்புறமும் கால் மணி நேரம் உயிர் இருந்துச்சாம். கண்ணு கண்ணாடிப் பக்கமே இருந்துச்சாம்."

அந்தக் கால் மணி நேரத்தில் அவள் ஆட்டோவில் இருந்தாள். ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போகச் சொல்லி டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

விலங்கு கழன்றது. அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். வாசல் வரை போனான். நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"கண்ட நடிகைக்கெல்லாம் குரல் குடுப்ப... நம்ம பொண்ணு கூப்பிட்டப்ப மட்டும் ஏன்டி ஒரு குரல் குடுக்கல?"