நாற்பத்திரண்டாவது கல்

"கல்லு காணாமப் போகலைங்க. ஒண்ணு கூடிப்போயிருக்குது!"

ஜலகண்டாபுரத்தில் அச்சகம் நடத்திய கைலாசம், அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுத்தார். மூச்சிரைக்க நின்றவர் பள்ளி ஆசிரியை கந்தம்மாள். நெசவாளர் இடுகாட்டின் பழைய கற்களை மூன்று மாதமாகப் படித்து நோட்டில் எழுதி வந்தவர். அவற்றைப் படமெடுத்தவன் பக்கத்து ஸ்டூடியோ மருதாசலம். ஊரில் எது தொலைந்தாலும் துப்புத் துலக்குவது கைலாசம். கூடவே ஓடுவது மருதாசலம்.

"நாப்பத்தொண்ணுதானுங்க இருந்துச்சு. நாளைக்குத் தாசில்தார் பார்வைக்கு வர்றாரு."

மருதாசலத்துக்குச் சட்டென்று புரிந்தது. அந்த நிலத்தில் மண்ணெடுக்கச் சூளைக்கார மணியன் மனுப் போட்டிருந்தார். எல்லாம் அண்மையில் நட்ட கற்கள் என்பது அவர் வாதம். ஒரு போலிக் கல் அகப்பட்டால் நோட்டு முழுவதும் பொய்யாகிவிடும்.

"மணியன் வேலைதானுங்கண்ணா!" என்று கேமராவைத் தோளில் மாட்டினான்.

இடுகாட்டின் தென்மூலையில் புதிய கல் நின்றது. மற்றவற்றின் தலையில் தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை செதுக்கியிருக்க, இதில் மட்டும் ஓர் உளி. கீழே, 'சடையன் கல் வேலை 1874'. காலடியில் கற்பூரக் கரி.

"புடுங்கிப் போட்டுறலாமுங்களா?" மருதாசலத்துக்குக் கை பரபரத்தது.

"கொஞ்சம் பொறுப்பா. கெடுதல் பண்ண நட்டவன் கற்பூரம் கொளுத்துவானா?" கைலாசம் குந்தி உட்கார்ந்து எழுத்தை விரலால் தடவினார். "இந்த 'லை'யைப் பாருங்க டீச்சர். மத்த கல்லுல எல்லாம் தும்பிக்கை வெச்ச பழைய 'லை'. இது அரசாங்கம் மாத்தின புதுசு. நானே மூணு வருசமாத்தான் கோக்கறேன்."

"அப்ப போலிதானுங்களே!" கந்தம்மாளின் முகம் வாடியது.

"சின்ன வயசுலயே படிச்ச பெரியவங்க கை இன்னும் தும்பிக்கைதான் போடும். புது 'லை' போடறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. ஆனா இவ்வளவு ஆழமா உளி புடிக்க அதுங்களால ஆகாது. அப்ப, உளி புடிக்கத் தெரிஞ்ச பெரிய ஆளு. எழுத்துப் படிச்சது மட்டும் இப்பத்தான்."

கந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அப்புசாமி! என் முதியோர் வகுப்புல படிக்கற அம்மி கொத்துறவரு!"

மருதாசலம் கட்டி வைத்த மணியன் கதை அப்படியே சரிந்து விழுந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

ஆளனுப்பியதும் அப்புசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "நாந்தானுங்க நட்டேன். இத்தன கல்லையும் கொத்துனது எங்க பாட்டனுக்குப் பாட்டன் சடையனுங்க. அவருக்குன்னு ஒரு கல்லு இல்ல. உங்க நோட்டுலயும் அவரு பேரு வரல. மனசு கேக்கலைங்க."

"1874னு போட்டீங்களே?" என்று கேட்டார் கைலாசம்.

"தாது வருசப் பஞ்சத்துக்கு ரெண்டு வருசம் முந்தி செத்தாருன்னு எங்கப்பன் சொல்லுவாருங்க. ஏமாத்தணும்னு போடலீங்க."

"அப்ப நட்டவரு பேரும் வருசமும் கீழ கொத்திடுங்க. அப்புறம் யாரு போலின்னு சொல்றது?" என்றார் கைலாசம்.

மறுநாள் மணியன் நேரே அந்தக் கல்லிடம்தான் தாசில்தாரைக் கூட்டிப்போனார். "பாருங்க சார், புத்தம் புதுசு!"

கந்தம்மாள் நோட்டை விரித்தார். 'எண் 42. சடையன், இறப்பு 1874. நட்டவர் அப்புசாமி, 1981.' தாசில்தார் நோட்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "புதுசைப் புதுசுன்னே எழுதியிருக்காங்களே. அப்ப மத்த நாப்பத்தொண்ணையும் நம்பலாம்." இடுகாட்டைச் சுற்றி வேலி போட அங்கேயே உத்தரவாயிற்று.

எல்லோரும் கிளம்பும்போது அப்புசாமி முதல் வரிசையைக் காட்டினார். "டீச்சர், இதுல கெடக்கறவரு ஒரே நாள்ல ரெண்டு சேலை நெய்வேன்னு பந்தயங் கட்டித் தோத்தவருங்க. இந்தம்மா மொத மொதல்ல ரயிலப் பாத்துப் பேய்னு ஓடுனவங்க..."

"இதெல்லாம் எப்படித் தெரியும்?" கந்தம்மாள் திகைத்தார்.

"எங்கூட்டுல பரம்பரையாச் சொல்லிட்டு வாறமுங்க."

கந்தம்மாள் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். மருதாசலம் ஓட்டமாய் ஓடினான், கடை சாத்துமுன் இன்னொரு நோட்டு வாங்க.