காய்ந்திருந்த காகிதப் படி

சார்ஜென்ட் ஆர்கிரோவுக்கு இடுப்பு வலி. அப்பாவோடு குவாரியில் பளிங்கு சுமந்த வயதில் வந்தது. மழை பெய்தால் தவறாமல் எட்டிப் பார்க்கும். பாரோஸ் தீவில் நான்கு நாளாக விடாத மழை.

திங்கள், காலை 8.10. கல்வெட்டுக் கிடங்கில் கல்லை மூடி வைக்கும் சாக்கைத் தூக்கிய பேராசிரியர் ஃபோகியோன் கத்தினார். போன மாதம் தோண்டியெடுத்த எழுத்துக்கல்லைக் காணோம்.

8.40. காவலாளி ஸரந்திஸுக்கு ஆர்கிரோ விலங்கு மாட்டினாள். எதிர்க் காபிக்கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. இரவில் சாவி அவரிடம் மட்டும்தான். அடுத்த மாதம் ஓய்வு பெற வேண்டியவர். வழக்கு விழுந்தால் ஓய்வூதியம் போச்சு.

"உங்கப்பனோட கல்லு உடைச்சவன் நான், புள்ள. திருடுறவன் இத்தன வருசமா காத்துக் கெடப்பானா?"

"சும்மா வாங்க மாமா."

9.15. சோதனை போட அவரையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குள் வந்தாள். கொடியில் ஸரந்திஸின் காலுறைகள் தொங்கின. "முந்தாநாள் காயப் போட்டது. இன்னும் சொட்டுது பாரு" என்றார்.

மேசைமேல் கல்லின் காகிதப் படி, மொடமொடவென்று. ஐந்தாம் வரியில் ஒரு ஓட்டை.

"எப்ப எடுத்தீங்க, சார்?" என்று பேராசிரியரைக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. உரிக்கும்போது கிழிஞ்சிருச்சு. ஏழு மணிக்குக் கிளம்பினேன். கல்லு இருந்துச்சு."

"எப்படி எடுப்பாரு, மாமா?"

"ஈரக் காகிதத்த கல்லுமேல போட்டு பிரஷ்ஷால அடிப்பாரு. அப்புறம் காயற வரைக்கும் ஒரு பய தொடக்கூடாது. ஈரத்துல உரிச்சா எழுத்து படுத்துரும்னு என்னைய என்னா திட்டு திட்டிருக்காரு!"

ஆர்கிரோ காலுறையைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் விழுந்தது.

"இதுவே காயல. ஆறு மணிக்கு ஒட்டின காகிதம் ஒரு மணி நேரத்துல எப்படி சார் காஞ்சுது? ராத்திரி கல்லு போயிருந்தா அதுவும் கல்லோடயே போயிருக்கணும். இது மழைக்கு முன்னாடி எடுத்தது. வியாழக்கிழமை மாமாவுக்கு லீவு. அன்னிக்கு சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்" என்ற பேராசிரியரின் கண் சுவருக்குப் போனது.

சுவரில் அவருடைய பழைய புத்தகத்தின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. கல்லின் உடைந்துபோன இடத்தில் எட்டெழுத்துச் சொல் ஒன்றை அவரே ஊகித்து நிரப்பியிருந்தார்: அதன்படி அந்த ஊரின் தானிய அதிகாரிகள் சீட்டுக் குலுக்கிப் பதவிக்கு வந்தார்களாம். இருபது வருடப் பேர் அதில் வந்தது. புதிய கல்தான் அந்த உடைந்த பகுதி.

ஆர்கிரோ ஓட்டைக்கு மேல்வரியில் விரல் வைத்து எண்ணினாள்.

"சதுரங்கப் பலகை மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெட்டியிருக்கான். ஓட்டைக்கு நேர் மேல ஏழு எழுத்து, நேர் கீழ ஏழு எழுத்து. நீங்க கிழிச்ச சொல்லும் ஏழுதான். உங்க புத்தகத்துச் சொல் எட்டு, அது உள்ள நுழையாது. கல்லு எங்க?"

"கார்ல" என்றார் ஃபோகியோன், தரையைப் பார்த்தபடி. "கடல்ல போடணும்னு இருந்தேன். புயல்ல கப்பல் ஓடல."

10.05. கல் கிடைத்தது. விலங்கு கை மாறியது. ஸரந்திஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஈரக் காலுறையை மாட்டினார்.

"காபிக்கடைல என்ன புள்ள சொல்லப் போற?"

பேராசிரியரை ஜீப்பில் ஏற்றினாள்; கடையைத் திரும்பிப் பாராமல் ஓட்டினாள். அந்த வாசலில், எல்லார் முன்னாலும், ஸரந்திஸிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.