நிகராண்டு

மாலையில் கடற்கரைக்கு வந்தால் வேதவல்லிக்கு இருபத்தைந்து வயதாகிவிடும்.

அதற்குக் காரணம் கரைமானி. கலங்கல், உப்பு, மீன்வளம் என்று கடலின் குறியீடுகளை ஓயாமல் அளந்து, கடலை ஒரே ஓர் ஆண்டின் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் இயந்திரம். அந்த ஆண்டுக்கு நிகராண்டு என்று பெயர். சங்குமணல்பட்டினத்து மக்களே வாக்களித்துத் தேர்ந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வேதவல்லியின் வயதுக்காரர்கள். தங்கள் இளமைக் காலத்தையே கேட்டார்கள். அவளும் இன்பராஜும் கைகோத்துத் திரிந்த ஆண்டு. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அதே கலங்கிய பச்சை நீர், அதே பாசி வாசம்.

கரைமானி நிலையத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பாளர். ஒருநாள் உதவிப் பொறியாளர் நிலோஃபர் ஓடிவந்தாள்.

"மேடம், ஆவுளியா வந்திருக்கு! ரெண்டு! வடக்கால புல்லு மேயுது."

கடல்பசுவை வேதவல்லி படத்தில்தான் பார்த்திருக்கிறாள். திரையைப் பார்த்தாள். சிவப்பில் எழுதியிருந்தது: கடற்புல், மிகை. ஆவுளியா, மிகை. நாளைக் காலை புல்லறுவிகள் இறங்கும்.

"நல்லதுதானே மேடம் வந்திருக்கு? புல்லை ஏன் அறுக்கணும்?"

"கரைமானிக்கு நல்லது கெட்டது தெரியாதும்மா. அந்த வருஷம் இருந்துச்சா, இல்லையா, அவ்வளவுதான்."

படகில் போய்ப் பார்த்தார்கள். புல் வளர்ந்த இடத்தில் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. அவளுடைய கடல் இல்லை அது. புல் பரவினால் கரை முழுக்க இப்படி ஆகிவிடும். இன்பராஜ் நடந்த கரை எங்குமே இருக்காது. அவன் இருந்திருந்தால்? இந்நேரம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் குதித்திருப்பான். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் புல்லறுவிகளை நிறுத்தினாள். புது வாக்கெடுப்பு அறிவித்தாள். 'நிகராண்டே வேண்டாம்' என்றும் ஒரு தெரிவைச் சேர்த்தாள். அவளைத் தவிர ஒருவரும் அதைத் தொடவில்லை. ஊர் நடப்பு ஆண்டையே புது நிகராண்டாகத் தேர்ந்தது.

"ஊரே திருவிழா மாதிரி ஆவுளியா பார்க்கப் போன வருஷம் மேடம். எனக்குக் கல்யாணமான வருஷமும் இதுதான்," என்றாள் நிலோஃபர். முகமெல்லாம் பூரிப்பு.

அந்த ஆண்டு முடிவதற்குள் புல் கரையெங்கும் பரவி, கடல் நீலமாகிவிட்டது. பாசி வாசம் போயே போய்விட்டது. அது இல்லாமல் நடக்க வேதவல்லி மெல்லப் பழகிக்கொண்டிருந்தாள். மறு ஆண்டு ஒரு காலை, இருவரும் போன படகுக்கு அருகே ஆவுளியாக்கள் மூச்சுவிட மேலே வந்தன. தாயின் முதுகை ஒட்டி, வெளிறிய நிறத்தில் சின்னதாக ஒரு குட்டி.

நிலோஃபர் கைதட்டினாள். அவள் மணிக்கட்டில் கரைமானியின் தகவல் சிவப்பாக ஒளிர்ந்தது.

ஆவுளியா: மிகை, ஒன்று.

"மேடம், இது நம்ம வருஷமாச்சே..." என்றாள் நிலோஃபர், நம்ப முடியாமல்.